பில் கவுண்டர் மானிட்டர் கண் சிமிட்டுகிறதா?



தராசும் கல்லாப்பெட்டியும் போல இன்று கம்ப்யூட்டரும் கடைக்கு இன்றியமையாததாகிவிட்டது. சிறிய மளிகைக் கடையில்கூட பார்கோடு காட்டித்தான் பில் போடுகிறார்கள். தராசு பழுதானால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். ஆனால் மானிட்டரில் படம் ஆடினாலோ, மறைந்து மறைந்து வந்தாலோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். எங்கள் கடையில் ஏற்பட்ட அனுபவம் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் பில் கவுண்டரில் இரண்டு மானிட்டர்கள் உண்டு. ஒன்று பில் போடுபவருக்கு, மற்றொன்று எதிர்ப்புறம் நிற்கும் வாடிக்கையாளருக்கு. ஒரே படத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டர். பல மாதங்கள் குறையின்றி ஓடியது. ஒரு நாள் நண்பர் ஒருவர், "75 ஹெர்ட்ஸ் வைத்தால் கண்ணுக்கு நல்லது" என்றார். நாங்களும் 60-ல் இருந்ததை 75-க்கு மாற்றினோம். அன்றே பிடித்தது தொல்லை. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னின. திடீரென்று திரை கறுத்து, இரண்டு விநாடி கழித்து மீண்டும் வந்தது.

அது மாதத்தின் முதல் வாரம். கடையில் நிற்க இடமில்லை. திரை கறுத்த நேரத்தில், பொருள் பதிவாகவில்லையோ என்று நினைத்து நம் பையன் அதே பொருளை மறுபடியும் ஸ்கேன் செய்துவிட்டான். மறுநாள் பல வருட வாடிக்கையாளர் ஒருவர் பில்லோடு வந்து, "அண்ணாச்சி, நல்லெண்ணெய் ஒண்ணுதானே வாங்கினேன், ரெண்டு போட்டிருக்கே?" என்றார். உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனாலும் மனம் கூசியது. நம் பில்லைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில்தானே இத்தனை வருடம் வந்தார்!

பழுது பார்க்க வந்தவர், மானிட்டர் போய்விட்டது என்றார். புதியது வாங்கி, அதையும் 75-லேயே வைத்தோம். புதியதும் அதே போலக் கறுத்தது. அதற்குப் பிறகுதான் குறை எங்கே இருக்கிறது என்று பொறுமையாகத் தேடினோம். முதலிலேயே தேடியிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

ஹெர்ட்ஸ் என்றால் என்ன?

மானிட்டர் ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கே ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 60 முறை. இப்போது பரவலாக உள்ள 1920×1080 அளவுத் திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உண்டு. 60 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 12.4 கோடி புள்ளிகளின் விவரம் கேபிள் வழியே போக வேண்டும். 75 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 15.6 கோடி. 144 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 30 கோடி.

ஆக, ஹெர்ட்ஸைக் கூட்டுவது அதே வண்டியில் கூடுதல் மூட்டை ஏற்றுவது போன்றது. கம்ப்யூட்டர் தாங்கும், மானிட்டரும் தாங்கும். நடுவில் உள்ள கேபிளோ ஸ்ப்ளிட்டரோ தாங்க வேண்டுமே! மலிவான ஸ்ப்ளிட்டர், கன்வெர்ட்டர் பலவும் 1920×1080 படத்தை 60 ஹெர்ட்ஸில் கடத்தும் அளவுக்கே செய்யப்பட்டவை. எங்கள் கடையில் குறை அங்கேதான் இருந்தது.

"கூடுதல் ஹெர்ட்ஸ் கண்ணுக்கு நல்லது" என்ற பேச்சு பழைய குழாய் மானிட்டர் காலத்தது. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒளிர்ந்து உடனே மங்கும். அதனால் 60-ல் திரை துடிப்பது கண்ணுக்கே தெரியும், 75 அல்லது 85 வைத்தால் இதமாக இருக்கும். இன்றைய தட்டை மானிட்டரில் அடுத்த உத்தரவு வரும் வரை புள்ளி அப்படியே நிற்கிறது. ஓடியாடும் விளையாட்டுக்குக் கூடுதல் ஹெர்ட்ஸ் உதவலாம். பில் போட 60 தாராளம்.

அறிகுறியும் காரணமும்

புள்ளிகள் மின்னுவது, திரை சில விநாடி கறுத்து மீள்வது: எச்.டி.எம்.ஐ. போன்ற டிஜிட்டல் இணைப்பில் கேபிளோ இடையில் உள்ள கருவியோ சுமை தாங்கவில்லை.

எழுத்துக்குப் பக்கத்தில் நிழல், படத்தில் அலை: 1987-ல் வந்த பழைய வி.ஜி.ஏ. முறை இணைப்பில் இது வரும். நீளமான அல்லது மட்டமான கேபிள், அல்லது மின்வயரோடு சேர்த்துக் கட்டிய கேபிள் காரணமாக இருக்கலாம்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்ற அறிவிப்பு: மானிட்டரால் ஏற்க முடியாத அளவை நாம் வைத்துவிட்டோம்.

சோதிக்கும் முறை

1. முதலில் 60-க்கு இறக்கவும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் வெற்றுத் திரையில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, டிஸ்ப்ளே செட்டிங்ஸ், பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும். மாற்றியதும் திரை கறுத்துவிட்டால் பதற வேண்டாம். எதையும் தொடாமல் 15 விநாடி காத்திருந்தால் பழைய அளவுக்குத் தானே திரும்பிவிடும். 60-ல் படம் நிலையாக நின்றால் மானிட்டர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

2. இரண்டையும் அணைத்துவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி அழுத்தமாகச் சொருகவும். வி.ஜி.ஏ. என்றால் திருகையும் முடுக்கவும்.

3. ஸ்ப்ளிட்டர், கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நீக்கி, கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு நேராக இணைத்துப் பார்க்கவும்.

4. கேபிளை மாற்றிப் பார்க்கவும். "ஹை ஸ்பீடு" என்று அச்சிட்ட, தேவைக்கு மேல் நீளமில்லாத கேபிள் நல்லது. ஒன்றரை மீட்டர் போதும் இடத்தில் பத்து மீட்டரைச் சுருட்டி வைக்க வேண்டாம். ஃப்ரீசர், மோட்டார் வயர்களை விட்டுத் தள்ளிக் கொண்டுபோகவும்.

5. கடையில் இரண்டு கவுண்டர் இருந்தால் மானிட்டர்களை மட்டும் இடம் மாற்றவும். இரண்டையும் ஒரே ஹெர்ட்ஸில் வைத்துப் பார்க்கவும். குறை மானிட்டரோடு போனால் மானிட்டரில் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ பழுது.

6. 60-லும், நல்ல கேபிளிலும், நேர் இணைப்பிலும் தொல்லை தொடர்ந்தால் மெக்கானிக்கை அழைக்கவும். செய்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் செலவு மிச்சம். பழைய குழாய் மானிட்டர் வைத்திருப்போர் அதை ஒருபோதும் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கவுண்டரில் இருப்பவருக்கு

இது எல்லாவற்றையும் விட முக்கியம். திரை கறுத்தாலும் கம்ப்யூட்டர் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்கேன் செய்தது பதிவாகியிருக்கும். ஆகவே படம் திரும்பும் வரை கையை நிறுத்தச் சொல்லுங்கள். படம் வந்ததும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு அடுத்த பொருளைத் தொடட்டும். அவசரத்தில் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தால் பாதியில் நிற்கும் கணக்கு கெட்டுப்போக வாய்ப்புண்டு.

நாங்கள் 60-க்கு இறக்கியதும் அந்த ஸ்ப்ளிட்டரே ஒழுங்காக ஓடுகிறது. போய்விட்டது என்று ஒதுக்கிய பழைய மானிட்டர் இன்று எங்கள் கிடங்கில் சரக்கு வரவு பதியும் கம்ப்யூட்டரில் பழுதின்றி ஓடுகிறது. நாங்கள் வீணாகச் செய்த செலவை நம் உறுப்பினர்கள் யாரும் செய்ய வேண்டாம். புதிய மானிட்டருக்கு விலை கேட்கும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்!