பனியன் துணியும் பத்துச் சூரியகாந்திகளும்

மகரந்தச் சேர்க்கையைக் கரும்பலகையில் படம் வரைந்தே நடத்திவிடலாம். மாணவர்களும் சூலகமுடி, சூற்பை என்று பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஆனால், பூச்சி வராத பூவில் விதை என்னவாகும் என்பதை நேரில் பார்த்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் வளர்வது காம்பவுண்டு வீடுகளில். அங்கே ஒரு தொட்டி வைக்கவும் இடமிருக்காது. அவர்களுக்கெனக் கிடைக்கும் தோட்டம் பள்ளியின் பின்புறம்தான். அங்கே நாங்கள் வளர்க்கும் பத்துச் சூரியகாந்திச் செடிகள் ஓர் ஆய்வகத்தின் வேலையைச் செய்கின்றன.

முதலில் பூவைப் பார்ப்போம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு மஞ்சரி. சுற்றிலும் இதழ்போல் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு மலட்டுச் சிறுமலர். நடுத்தட்டில் நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் உள்ளன. அவை ஓரத்தில் தொடங்கி, வட்டம் வட்டமாக மையத்தை நோக்கி, ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை மலர்கின்றன. ஒவ்வொரு சிறுமலரும் முதலில் மகரந்தத்தை வெளித்தள்ளும். அதன் பிறகே சூலகமுடி விரியும். மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை கொண்டது. காற்றை நம்பிப் பயனில்லை. பூச்சிதான் சுமந்து செல்ல வேண்டும்.

மொட்டுப் பருவத்தில் சூரியனோடு திரும்பும் செடி, பூ முதிர்ந்ததும் கிழக்கு நோக்கி நின்றுவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். கிழக்கு பார்த்த பூக்கள் காலையில் விரைவாகச் சூடேறுகின்றன. மேற்கு பார்க்கத் திருப்பி வைத்த பூக்களைவிட ஐந்து மடங்கு பூச்சிகளை ஈர்க்கின்றன. எனவே, முதல் பாடவேளையே உற்றுநோக்க ஏற்ற நேரம். கொம்புத் தேனீ, அடுக்குத் தேனீ, மலைத்தேனீ, கருவண்டு ஆகியவற்றை எண்ணிக் குறிக்கச் சொல்கிறேன். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குழந்தைகள் தம் மொழிப் பெயரையும் அட்டவணையில் சேர்ப்பார்கள். தமிழ் இன்னும் வசப்படாத குழந்தைகூடத் தயக்கமின்றிப் பங்கேற்கும் பாடம் இது.

இனிச் சோதனை. மொட்டு விரியும் முன், மூன்று செடிகளின் தலையை வெள்ளை பனியன் துணியால் தளர்வாக மூடிக் கட்டுகிறோம். எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் துணிக்குப் பஞ்சமில்லை. மெல்லிய பின்னல் துணி காற்றை விடும், பூச்சியை விடாது. மூன்று செடிகளைத் திறந்தே விடுகிறோம். பூத்து முடிந்ததும் அவற்றையும் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளிகள் விதையைத் தின்று கணக்கைக் கெடுத்துவிடும். விதை முற்றியதும் இரு வகையிலும் நூறு நூறு விதைகளை எடுத்து, நகத்தால் பிளந்து, பருப்புள்ளவற்றையும் பதர்களையும் எண்ணுகிறோம். மூடிய பூக்களில் பதர் மிகுதியாக இருக்கும்.

சில வீரிய ஒட்டு ரகங்கள் தன் மகரந்தத்தாலும் ஓரளவு விதை பிடிக்கும். அதனால் வேறுபாடு குறைந்து தெரிந்தால் 'தவறான விடை' என்று ஒதுக்க வேண்டாம். ஏன் என்று கேட்கும் வாய்ப்பு அது. பூச்சி குறைந்த வயல்களில் உழவர்கள் பூத்த தலைகளை மெல்லிய துணி சுற்றிய கையால் தடவிவிடுவதுண்டு. தேனீ இலவசமாகச் செய்யும் வேலைக்கு அங்கே ஆள் தேவைப்படுகிறது என்பதை மாணவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். கூலிக் கணக்கு அவர்கள் வீட்டிலேயே பேசப்படுவதுதானே!

மீதி நான்கு செடிகள் பறவைகளுக்கு. பூக்கும்போது தேனீயைப் பிடிக்கப் பஞ்சுருட்டானும், புழுவைத் தேடி மைனாவும் வரும். விதை முற்றும்போது பச்சைக்கிளியும் சிட்டுக்குருவியும் வரும். உணவுச் சங்கிலி அங்கேயே உயிரோடு நிற்கும். 2024இல் ராம்சார் தகுதி பெற்ற நஞ்சராயன் குளத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் முன், பறவைகளைப் பொறுமையாகப் பார்க்க இங்கே பழக்கிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை: கடைகளில் வாங்கும் விதை பெரும்பாலும் மருந்து பூசி நிறமேற்றப்பட்டிருக்கும். அதை ஆசிரியரே கையுறை அணிந்து விதைக்க வேண்டும். பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி கூடவே கூடாது. பள்ளி திறக்கும் ஜூனில் விதைத்தால் ஆகஸ்டில் பூக்கும். காலாண்டுத் தேர்வுக்குள் விதையை எண்ணி முடித்துவிடலாம்.