சீமையகத்திக்கு ஒரு பரீட்சை

பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அரிப்பு வந்தால், அதை வெளியே சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வருகிறது? நானும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவினேன். நாலே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்த படர்தாமரை உள்ளங்கை அளவு பரவிவிட்டது!

என் மாமியார் கண்டுபிடித்துவிட்டார். "கொல்லையில சீமையகத்தி இருக்கு. இலையை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைச்சுப் போடு" என்றார்.

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி படிக்கும் என் மகள், "இரு பாட்டி, முதல்ல இலைக்குப் பரீட்சை வைப்போம். என் பிராஜெக்டுக்கும் ஆச்சு" என்றாள்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஒரு பங்கைத் தண்ணீரிலும் மறு பங்கை ஆல்கஹாலிலும் ஊறவைத்து வடிகட்டினாள். நாம் இனிப்பு செய்கிற கடல்பாசிதான் அங்கேயும்! அதைச் சத்துப் பொருள்களோடு காய்ச்சி, தட்டில் உறையவிட்டு, மேலே படர்தாமரைப் பூஞ்சையைத் தடவி, நாலு குழி வெட்டினாளாம். இரண்டில் இலைச் சாறுகள், ஒன்றில் டாக்டர்கள் தரும் மருந்து, நாலாவதில் வெறும் ஆல்கஹால்.

"வெறும் ஆல்கஹால் எதுக்குடி?"

"ஆல்கஹாலே பூஞ்சையைக் கொன்னுட்டு, பேரு இலைக்குப் போயிடக் கூடாதேம்மா!"

ஒரு வாரம் கழித்துப் படம் காட்டினாள். மருந்தைச் சுற்றிப் பூஞ்சை வளராத பெரிய வட்டம். ஆல்கஹாலில் ஊறிய இலைச் சாற்றைச் சுற்றி அதைவிடச் சின்ன வட்டம். தண்ணீர்ச் சாற்றுக்கு லேசாக ஒரு வளையம். வெறும் ஆல்கஹாலுக்கு ஒன்றுமில்லை.

"சொன்னேனா இல்லையா?" என்று மாமியாருக்குப் பெருமை. பிலிப்பைன்ஸ் நாட்டில் இதே செடியிலிருந்து தோலுக்கு லோஷன் செய்கிறார்கள் என்றும் மகள் சொன்னாள்.

"ஆனா பாட்டி, தட்டுல ஜெயிச்சது தோல்லயும் ஜெயிக்கும்னு சொல்ல முடியாது. பிளீச்சிங் பவுடர்கூடத் தட்டுல பூஞ்சையைக் கொல்லும். உடம்புல பூசுவோமா?" என்று சொல்லி, என்னைத் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நான் தடவிய க்ரீமில் ஸ்டீராய்டு இருந்ததாம். அது அரிப்பை அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையை வளரவிடுமாம்! மாத்திரையும் களிம்பும் தந்தார். தழும்பு மங்கிய பிறகும், அவர் சொன்ன நாள் வரை நிறுத்தவில்லை. குணமாயிற்று.

சகோதரிகளே, குளித்ததும் இடுப்பை ஈரமில்லாமல் துடையுங்கள். பாவாடையைத் தினம் மாற்றி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஒருவர் துண்டை மற்றவர் தொட வேண்டாம். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள்.

சீமையகத்தி இன்னும் எங்கள் கொல்லையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கிறது. அதன் மேல் எனக்குக் குறையில்லை. வெட்கப்பட்டு மறைத்த மூன்று மாதம்தான் என் தப்பு.