ஆமதாபாத்து ஆடைக் காட்சிச்சாலை

உடை மாறிவந்த வரலாற்றை ஆராய்தல் வீண்பொழுது போக்கென்று கருதுவாருளர். ஆமதாபாத்து நகரத்துக் காலிக்கோ ஆடைக் காட்சிச்சாலையைக் காணும்வரை யாமும் அக்கருத்தினராகவே இருந்தோம். சென்ற விடுமுறையில் நண்பர் இருவருடன் வடநாடு சென்றபொழுது அதனைக் காணும் வாய்ப்புக் கிட்டிற்று. நம் கல்லூரி மாணவருட் சிலரேனும் அங்குச் செல்லுதல் கூடுமாதலின், கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

இச்சாலையை 1949-ஆம் ஆண்டில் கௌதம் சாராபாயும் அவர்தம் தங்கையார் கீரா சாராபாயும் நிறுவினர். இதற்கு வித்திட்டவர், ஈழத் தமிழராகிய சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரும் கலை ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவருமாகிய ஆனந்த குமாரசுவாமி ஆவர். நெசவுக்குப் பெயர்போன அந்நகரில் ஆடைக்கென ஒரு நிலையம் வேண்டுமென்று அவர் 1940-களிற் கௌதமரிடம் கூறினர். அது தோன்றுமுன் 1947-இற் காலமாயினர். முதலிற் காலிக்கோ ஆலையின் எல்லைக்குள்ளேயே இருந்த இச்சாலை, 1983-இற் சாகிபாக்கிலுள்ள சாராபாய் குடும்பத்தாரின் மாளிகைக்கு மாற்றப்பெற்றது. ஆலையோ 1990-களில் நின்றுபோயிற்று. இயந்திரத் துணியால் ஈட்டிய பொருளைக்கொண்டே கைத்தறித் துணிகள் தேடிச் சேர்க்கப்பெற்றன என்பது எமக்கு விந்தையாய்த் தோன்றிற்று. ('காலிக்கோ' என்னும் சொல் கோழிக்கோட்டின் பெயர்த்திரிபு என்பதைத் தமிழ் மாணவர் மறவாரென நம்புகிறோம்.)

முன்னரே பதிவு செய்துகொண்டாலன்றி உட்புகுதல் இயலாது. சிறு குழுவாகவே அழைத்துச் செல்வர். படம் எடுத்தல் கூடாது. அறைகள் மங்கிய ஒளியினவாயிருத்தல் கண்டு முதலிற் சலித்தோம். பின்னரே காரணம் விளங்கிற்று. கல்லும் செம்பும் போலன்றித் துணி ஒளியால் நிறம் வெளிறி, இழை நைந்து, மெல்ல அழிவது. அங்ஙனம் இழந்த நிறத்தை மீட்டல் எவராலும் ஆகாது.

வடநாட்டு அரசவைகளில் ஆடவர் அணிந்த ஜாமா என்னும் அங்கி, மார்பில் இறுகி, இடைக்குக் கீழே பாவாடைபோல் விரிவது. அதன் நாடாவை முஸ்லிம்கள் வலப்புறத்தும் இந்துக்கள் இடப்புறத்தும் முடிவது வழக்கு. ஆகலின், பழைய ஓவியமொன்றில் நிற்பான் யாவன் என்பதை அவன் முகத்தினும் முடிச்சே தெளிவாய்க் கூறும்.

பாட்டணத்துப் படோலாப் பட்டினை நெய்யுமுன்னரே பாவு, ஊடு என்னும் இருவகை நூலையும் சித்திரத்திற்கேற்ப அளந்து, கட்டிக் கட்டிச் சாயமிடுவர். தறியில் ஒவ்வோரிழையும் தன்னிடத்தில் வந்து பொருந்துதல் வேண்டும். ஓரிழை விலகினும் சித்திரம் கலையும். ஒரு புடவைக்குப் பல திங்கள் கழிதலில் வியப்பில்லை.

நமது சோழமண்டலக் கரைக்குப் பெருமை தந்தவை எழுது துணிகளாம். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். படிகாரக் கரைசலால் எழுதிய இடம் சாயவேரோடு காய்ச்சச் சிவக்கும். இரும்புக் கரைசலால் எழுதிய இடம் கறுக்கும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பர். வெளுக்க வெளுக்க மங்காத இத்துணிமேல் ஐரோப்பியர் கொண்ட மோகம் பெரிது. தம் நெசவாளர் பிழைப்புக் கெடுமென்று அஞ்சிப் பிரான்சு 1686-இலும் இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிலும் சட்டமியற்றித் தடுத்தன. தடுத்தும் மோகம் தணிந்திலது.

எம்முடன் வந்த நண்பருள் ஒருவர் மதுரைச் சௌராட்டிரர். முன்னோர் கூர்ச்சர நாட்டினின்று வந்தவரென்பது அவர் குடிவழக்கு. அவர் தந்தையார் சென்ற ஆண்டுதான் தறியை விற்றார். அதுகாறும் அசட்டையாய் வந்த நண்பர், துணியைப் புள்ளி புள்ளியாய்க் கட்டிச் சாயமேற்றிய பாந்தனித் துணிகளின்முன் வந்ததும் நின்றுவிட்டார். "எங்கள் பாட்டி சுங்குடிக்கு இப்படித்தான் முடிச்சுப் போடுவார்; நகத்தால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்" என்றார். நாங்கள் அடுத்த அறைக்குப் போன பின்னரும் அவர் வரவில்லை, புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அச்சாலையில் யாம் கண்டவை பெரும்பாலும் அரசரும் செல்வரும் கோயிலும் பேணிவைத்தவை. ஏழைகள் உடுத்தவை ஏன் அத்துணை இல்லை என்று இரயிலில் வரும்பொழுது பேசிக்கொண்டோம். நண்பரோ பேச்சிற் கலவாது, பாட்டியார் முடிந்த சுங்குடி ஒன்றேனும் வீட்டில் உண்டோ என்று தம் அன்னைக்குக் கடிதம் எழுதினார். ஒரு வாரத்தில் மறுமொழி வந்தது. ஒன்று இருந்ததாம், அவர் பிறந்த ஆண்டில் தூளி கட்டுவதற்கென்று கிழித்துவிட்டார்களாம்.