பேக்கப் ஓடும் இரவில் சர்வர் விழுந்தால்: காரணம், தீர்வு, உங்கள் உரிமை

மருத்துவமனையின் நோயாளிப் பதிவு, கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் கணக்கு, கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் எனப் பலவும் இன்று மெய்நிகர் கணினிகளில், அதாவது விஎம்களில், இருக்கின்றன. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கட்டும் என்று சில சர்வர்களைப் பொதுவான சேமிப்பகத்தோடு இணைத்துக் கிளஸ்டராக வைக்கிறார்கள். அப்படியும் நள்ளிரவு பேக்கப்பின்போது விஎம் நின்றுபோவது உண்டு. பயந்துபோய்ப் பேக்கப்பையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேக்கப் இல்லாத நாளில் ரான்சம்வேர் தாக்கினால் மீள வழியே இருக்காது.

ஏன் விழுகிறது?

விஎம்களை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி கிளஸ்டரை எடுத்துக்கொள்வோம். பேக்கப் தொடங்கியதும் விண்டோஸின் விஎஸ்எஸ் சேவை, விஎம்முக்குள் ஓடும் டேட்டாபேஸைச் சில நொடிகள் எழுதாமல் நிறுத்திவைத்து, அந்த நொடியின் நிலையைப் பதிவுசெய்கிறது. அதன்பின் வரும் மாற்றங்கள் ஏவிஎச்டிஎக்ஸ் என்ற தனிக் கோப்பில் சேர்ந்து, பேக்கப் முடிந்ததும் மூல வட்டுக் கோப்போடு இணைய வேண்டும்.

இதில் சிக்கல் வரும் இடங்கள் மூன்று. பேக்கப்பின் வாசிப்புச் சுமையால் சேமிப்பகம் திணறினால், கிளஸ்டரின் பொது வால்யூம் இடைநிற்கும்; சிஸ்டம் லாக்கில் 5120 என்ற எண் பதிவாகும். ஏவிஎச்டிஎக்ஸ் இணையாமல் வளர்ந்து இடம் தீர்ந்தால், விஎம் அப்படியே உறைந்து நிற்கும். ஆன்டிவைரஸ் அதே நேரத்தில் வட்டுக் கோப்புகளைத் துழாவினாலும் இதே கதிதான். குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பத் திரும்ப விழும் விஎம்மைக் கிளஸ்டர் மறுபடி எழுப்பாமல் விட்டுவிடும்.

என்ன செய்ய வேண்டும்?

• முதலில் நேரத்தைப் பொருத்துங்கள். பேக்கப் தொடங்கிய நிமிடத்தையும் 5120 பதிவான நிமிடத்தையும் அருகருகே வைத்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். கிளஸ்டர் லாக்கை உடனே எடுத்துவையுங்கள். பழைய பதிவுகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும்.
• விஎம்முக்குள் ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்’ கட்டளையை ஓட்டி, பிழை காட்டும் ரைட்டர், அதாவது விஎஸ்எஸ்ஸோடு இணைந்து வேலை செய்யும் மென்பொருள் பகுதி, எது என்று பாருங்கள்.
• ஏவிஎச்டிஎக்ஸ் கோப்பைக் கையால் அழிக்காதீர்கள். இணையாத மாற்றங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அழித்தால் அவை போய்விடும்.
• எல்லா விஎம்களையும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுக்காமல் பிரித்து எடுங்கள். வால்யூமில் காலியிடம் விட்டுவையுங்கள்.
• வட்டுக் கோப்புகளையும் கிளஸ்டர்ஸ்டோரேஜ் ஃபோல்டரையும் சர்வரில் ஓடும் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

உங்கள் உரிமை

சர்வர் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும் தரவுக்குப் பொறுப்பு உங்களுடையதே. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தரவு தற்செயலாக எட்டாமல் போவதையும் அது தரவு மீறலில் சேர்த்திருக்கிறது. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. தயாராக வேண்டிய காலம் இதுதான்.

ஆகவே கேட்கத் தயங்காதீர்கள். விஎம் ஏன் விழுந்தது என்பதற்கு எழுத்துமூல விளக்கம், தினசரி பேக்கப் அறிக்கை, எத்தனை மணி நேரத்தில் மீட்டுத் தருவார்கள் என்ற உறுதி ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்குங்கள். “லாக் அழிந்துவிட்டது” என்ற பதிலை ஏற்காதீர்கள். சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்றே உத்தரவிட்டிருக்கிறது. தாக்குதல் என்று தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

திரையில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வந்தால் மட்டும் போதாது. காலாண்டுக்கு ஒரு முறையாவது ஒரு விஎம்மைத் தனி நெட்வொர்க்கில் மீட்டெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊழியரே உள்நுழைந்து நேற்றைய கணக்கைத் திறந்து பார்த்து, எடுத்த நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடட்டும். அந்தத் தாளைக் கேட்டுவாங்கிக் கோப்பில் வையுங்கள்.