“சிஸ்டம் இப்பிடித்தான் காட்டுது”: நிவாரணத்தைத் தீர்மானிக்கும் விதிகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

“அம்மா, நான் ஒண்டும் செய்யேலாது. சிஸ்டம் இப்பிடித்தான் காட்டுது.”

ஏதாவது ஒரு கொடுப்பனவுக்காகப் பிரதேச செயலகப் படியேறியவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. சொல்பவர் மீது கோபப்பட்டும் பயனில்லை. பெரும்பாலும் அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால், வாங்கில் காத்திருக்கும் ஒரு தாய் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: “தம்பி, அப்ப அந்தச் சிஸ்டத்துக்கு ஆர் சொன்னது?”

கணினி தெரியாதவரின் கேள்வி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. மென்பொருள் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் ஒரு விவாதம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில், எந்தத் திகதியிலிருந்து என்பன போன்ற விதிகளை, கணினியை இயக்கும் நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவதா? அல்லது நிரலுக்கு வெளியே, நிரல் தெரியாதவரும் வாசிக்கக்கூடிய வடிவில் தனியாக வைப்பதா?

எங்கள் ஊர்க் கடையிலிருந்தே தொடங்கலாம். பெறுமதி சேர் வரி 2019 டிசெம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் அது 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் மறுபடி 15. 2024 ஜனவரியிலிருந்து 18. ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருளை எழுதியவர், “விலையை 0.15 ஆல் பெருக்கு” என்று நிரலுக்குள் எழுதியிருந்தார் என்று வையுங்கள். அந்த 0.15 ஓரிடத்தில் மட்டும் இருக்காது. பில் அச்சிடும் பகுதியில் இருக்கும், திரும்பி வந்த பொருளுக்குக் காசு கொடுக்கும் பகுதியில் இருக்கும், மாத முடிவு அறிக்கையிலும் இருக்கும். வரி மாறும் ஒவ்வொரு முறையும் எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் ஓரிடத்தைத் தவறவிட்டால் பில்லில் 18 வீதமும் அறிக்கையில் 15 வீதமும் வரும்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்றும் உண்டு. 2022 ஓகஸ்டில் விற்ற பொருள் செப்டெம்பரில் திரும்பி வந்தால், அதற்கு 12 வீதக் கணக்குத்தான் போட வேண்டும். பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதிய நிரலுக்கு ஓகஸ்டில் என்ன நடந்தது என்பதே தெரியாது.

மாற்று வழி மிக எளிமையானது. “இந்தத் திகதியிலிருந்து, இந்தத் திகதி வரை, இத்தனை வீதம்” என்று மூன்று நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணையைத் தனியாக வைப்பது. (அட்டவணைக்கும் ‘நிரல்’, கணினிக்கும் ‘நிரல்’. எங்கள் கலைச்சொல்லாக்கத்தின் கோளாறு இது. இனி அட்டவணைக்கு ‘வரிசை’ என்றே சொல்கிறேன்.) மென்பொருள் வரியைத் தானே தீர்மானிப்பதில்லை. விற்ற திகதியைச் சொல்லி அட்டவணையிடம் கேட்கிறது. வரி மாறினால் ஒரு வரிசை கூடும், பழைய வரிசைகள் அப்படியே இருக்கும். கடைக்காரரே அதை வாசித்துச் சரி பிழை சொல்லலாம்.

வரி வீதம் ஓர் எண் மட்டுமே. ஒரு குடும்பத்தின் தகுதியைத் தீர்மானிக்கும் விதி அவ்வளவு இலகுவானதல்ல. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரப்படுத்துகிறது. ஆரம்பத்தில் நிலைமாறும் குடும்பத்துக்கு 2,500 ரூபா, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, வறிய குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 என்று நான்கு பிரிவுகள். 2025 ஜனவரியிலிருந்து கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்ந்தன. சில பிரிவுகளுக்கான கால எல்லையும் நீடிக்கப்பட்டது. ஆக, இதுவும் அடிக்கடி மாறும் விதித் தொகுப்புத்தான். வீட்டில் பாவிக்கும் மின்சாரம் உட்படப் பல விடயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு முடிவைத் தருகின்றன. அந்த முடிவுதான் உத்தியோகத்தரின் திரையில் தெரிகிறது. முடிவுக்கு வந்த வழி தெரிவதில்லை.

விதிகளைத் தனியாக வைத்து இயக்கும் மென்பொருள்கள் அந்த வழியையும் காட்டக்கூடியவை. எந்த விதி பொருந்தியது, எது பொருந்தவில்லை, எந்தத் திகதிக்குரிய விதி பயன்படுத்தப்பட்டது என்று ஒவ்வொரு படியையும் பதிந்துவைக்கலாம். பிரான்சில் 2011 இல் தொடங்கிய ‘ஓப்பன்ஃபிஸ்கா’ என்ற திறந்த மென்பொருளில் வரி விதிகளும் சமூகக் கொடுப்பனவு விதிகளும் தனியாக எழுதப்பட்டுள்ளன. தொகைகள் எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். விரும்பிய எவரும் அதைத் திறந்து பார்க்கலாம்.

இதில் எங்களை நேராகத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது.

1986 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சிலர், பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியைக் கணினி வாசிக்கும் தர்க்க விதிகளாக எழுதிப் பார்த்தார்கள். கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் பச்சிளங்குழந்தை பற்றிய பிரிவு அவர்களை யோசிக்கவைத்தது. மாறாக நிரூபிக்கப்படாத வரை அந்தக் குழந்தைக்குக் குடியுரிமை உண்டு என்கிறது சட்டம். பெற்றோர் யாரென்று ‘தெரியாது’ என்பதும், பெற்றோர் குடியுரிமை உள்ளவர்கள் ‘அல்லர்’ என்பதும் ஒன்றல்ல. மனிதருக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே புரியும். கணினிக்கு அதை யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு விண்ணப்பப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர்: உயிருடன் உள்ளார் / இறந்துவிட்டார். முதலாவதைத் தெரிவுசெய்தால் அவருடைய வருமானம் கேட்கப்படும். இரண்டாவதைத் தெரிவுசெய்தால் மரணச் சான்றிதழ் இலக்கம் கேட்கப்படும். 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் கணவரைக் கையளித்துவிட்டு வந்த பெண் இதில் எதைத் தெரிவுசெய்வது? மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து நிற்கும் குடும்பங்கள் எத்தனையோ. 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறுவதற்கு இடம் தந்தது. அந்தச் சான்றிதழையும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் நியாயம் வேறு. ஆனால், உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை என்ற மூன்றாவது நிலையைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இரண்டு தெரிவுகளும் நிரலின் பத்து இடங்களில் புதைந்திருந்தால், மூன்றாவதைச் சேர்ப்பதற்குப் பணம் ஒதுக்கி, கேள்விப்பத்திரம் கோரி, மென்பொருள் நிறுவனத்தை மறுபடி அழைக்க வேண்டும். அதுவரை பதில் “சிஸ்டம் எடுக்குதில்லை.” விதிகள் தனியாக இருந்தால் அது அட்டவணையில் ஒரு வரிசை. கிராம உத்தியோகத்தர் ஒருவரே அதை வாசித்து, “இதில் காணாமற்போனவர்களைப் பற்றி ஒன்றும் இல்லையே” என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. விதி வாசிக்கக்கூடியதாக இருந்தால், அதில் என்ன இல்லை என்பதையும் காணலாம்.

ஆனாலும், விதிகளை வெளியே எடுத்துவைத்தால் அநீதி நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம். அவுஸ்திரேலியாவில் ‘ரோபோடெப்ட்’ என்று அழைக்கப்பட்ட திட்டத்தில், ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 ஆல் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு இரண்டு வாரமும் அவர் அவ்வளவு உழைத்ததாகக் கணினி எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் வேலை செய்து ஆறு மாதம் வேலையின்றி உதவிப்பணம் பெற்றவர் அதனால் கடன்காரர் ஆனார். லட்சக்கணக்கானோருக்கு அரசாங்கம் கடன் கணக்குப் போட்டது. அது சட்டவிரோதமானது என்பது 2019 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023 இல் விசாரணை ஆணைக்குழு கடுமையான அறிக்கையை வெளியிட்டது. அந்த 26 ஆல் பிரிக்கும் விதி யாருக்கும் தெரியாமல் இருந்ததல்ல. சட்டத்தை மாற்றாமல் இதைச் செய்ய முடியாது என்று 2014 இலேயே உள்ளக சட்ட ஆலோசனை சொல்லியிருந்தது. அதிகாரிகள் வாசித்தார்கள், ஆனால் விதி யாருடைய வாழ்க்கையில் விழுந்ததோ அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

தொழில்நுட்பக் குறைகளும் உண்டு. விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது ஒன்றை மாற்றினால் இன்னொன்று முரண்படும். அட்டவணையில் கைவைக்க யாருக்கு அதிகாரம், மாற்றியதை யார் பரிசோதிப்பது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால், நிரலுக்குள் இருந்த குழப்பம் அட்டவணைக்கு இடம்மாறும், அவ்வளவுதான்.

திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் கேட்கக்கூடியது என்ன? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கணினிப் பதிவுகளையும் தகவலாகவே கொள்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். “எனக்கு ஏன் காசு இல்லை” என்று எழுதினால் “நீங்கள் தகுதிபெறவில்லை” என்ற பதில் வரக்கூடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 22 குறிகாட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் எனது குடும்பத்துக்கு எந்தத் தரவு பதியப்பட்டுள்ளது? அதற்கு எத்தனை புள்ளி? எந்தத் திகதிக்குரிய விதி பயன்படுத்தப்பட்டது? கணவர் காணாமலாக்கப்பட்டவர் என்பது எந்த இடத்தில், எப்படிப் பதியப்பட்டுள்ளது?