வெயில் நாட்டு வாசம்

எந்த ஊரில் வசிக்கப் பிரியம் என்று கேட்டால், நம்மவரில் பெரும்பாலோர் உதகமண்டலத்தையோ கொடைக்கானலையோ சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். சித்திரை முதிர்ந்து அக்கினி நட்சத்திரமும் தொடங்கிவிட்டால், அந்தப் பெருமூச்சே ஊருக்கெல்லாம் பொதுப் பேச்சாகிவிடும். அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், மலைவாசத்தின் குளிர்ச்சியைச் சில காலம் அனுபவித்துப் பார்த்த பின்னரும், என் மனம் விரும்பித் தங்குவது செம்மண் தேரியும் பனங்காடும் உப்பளமும், வருஷத்தில் பெரும் பகுதி நிர்மலமாக விளங்கும் ஆகாயமும் உடைய தூத்துக்குடிச் சீமையில்தான். பழக்கத்தினால் மட்டும் உண்டான பிரியம் அன்று இது; காரணங்களோடு கூடியது.

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால், குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில்கூட இந்தக் கரையில் வறண்ட காற்றே வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே இந்தக் கரைக்குப் பெரிய ஆதாரம். இந்த வறட்சியை ஒரு குறையாகவே பூகோளப் பாடம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்தக் குறையையே முதலாகப் போட்டு ஜீவனம் நடத்தும் சாமர்த்தியத்தை அறிய வேண்டுமானால், மாசி, பங்குனியில் ஓர் உப்பளத்தின் வரப்பில் நின்று பார்க்க வேண்டும்.

கிணற்றிலிருந்து இறைத்த உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சிறிது சிறிதாக வற்றவிடுகிறார்கள். கடல்நீரின் அடர்த்தி மானியில் சுமார் 3 டிகிரி இருக்கும். அது ஏறிக்கொண்டே வரும்போது முதலில் ஜிப்சம் பிரிந்து அடியில் படிகிறது. 25 டிகிரியை எட்டியதும் பாத்தியின் மேற்பரப்பில் மெல்லிய ஆடை படர்ந்தாற்போல் உப்புப் பூக்கத் தொடங்குகிறது. இன்னும் வற்றட்டும் என்று ஆசைப்பட்டு 30 டிகிரியையும் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பில் கசப்பேறிவிடும் என்பதால், அதற்குமுன் மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, பலகையால் உப்பை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். விறகும் கரியும் இன்றி, சூரியனும் காற்றும் மட்டுமே வேலை செய்து, நாட்டில் கோடிக்கணக்கானவர்களுடைய உலைக்கு உப்பு வழங்குகின்றன. எல்லோரும் மங்கலமென்று வரவேற்கும் மழை பருவம் தப்பி ஒரு நாள் இங்கே பெய்துவிட்டால், பல நாள் உழைப்புக் கரைந்து போகிறது.

உப்பளத்தைக் கடந்தால் பனங்காடு. பங்குனியிலிருந்து ஆடி வரையில், விடியுமுன் மரமேறிப் பாளை சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குகிறார்கள். சுண்ணாம்பு இல்லையேல் அது புளித்துக் கள்ளாகிவிடும். பனையோலைப் பட்டையில் வாங்கி நுங்கும் சேர்த்துப் பருகும் அந்தப் பதநீரின் சுவையை, வெயிலில் நடந்து வந்த தேகமே முழுமையாக அறியும். மிகுந்ததைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு உள்ள கீர்த்தி அந்தத் தேரி மணலுக்கும் அந்த உஷ்ணத்துக்கும் சேர்ந்த கீர்த்தியே.

வீட்டின் மொட்டை மாடியிலும், வெயிலை வேலை வாங்கும் இதே தொழில்தான் சிறிய அளவில் நடைபெறுகிறது. அரிசிக் கூழை இரவே காய்ச்சி வைத்து, வெயில் ஏறுமுன் பழைய வேட்டியை விரித்து, அச்சில் இட்டுக் கூழ்வற்றல் பிழிவார்கள். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, அதன் பின்புறத்தில் தண்ணீர் தெளித்தால், ஒட்டிக்கொண்டிருந்த வற்றல் முழுசாகக் கழன்று வரும். மறுநாளும் காயவைத்து, கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று ஓசை கேட்டால்தான் அதை டப்பாவில் போட்டு மூடுவார்கள். மோர் மிளகாயும் சுண்டைக்காயும் மணத்தக்காளியும் இவ்வாறே பதமாகி, அடைமழையில் காய்கறி கிடைக்காத நாட்களுக்குத் துணையாகின்றன. வெயில் காலத்தைச் சேமித்து வைத்து மழைக்காலத்தில் உண்ணும் இந்த வழக்கம் எனக்கு எப்பொழுதும் ஆச்சரியத்தையே அளிக்கிறது.

உஷ்ணப் பிரதேசத்து வாழ்க்கையில் நான் பெரிதும் விரும்புவது அதன் நேர ஒழுங்கு. விடியுமுன் எழுந்து வேலையைத் தொடங்குவதும், உச்சிப் பொழுதில் ஒதுங்குவதும், நண்பகலுக்குப் பின் கடற்காற்று வீசத் தொடங்கியதும் மறுபடி வெளியே வருவதும், இரவில் மாடியில் பாய் விரித்து நட்சத்திரங்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டே கண்ணயர்வதும் மனிதனை மனிதனோடு சேர்த்து வைக்கின்றன. குளிர் நாட்டில் கதவைச் சாத்திக்கொள்வது அவசியம். இங்கே கதவைத் திறந்து வைப்பதே சௌகரியம். நம் முன்னோர் கட்டிய வீடுகளும் இதை அறிந்து எழுந்தவையே. தடித்த சுவர், தாழ்வாரம், வானம் பார்த்த முற்றம், தெருவைப் பார்த்த திண்ணை இவற்றோடு, தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கல்லைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டு எழுப்பும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் சேர்ந்து, பகலின் உஷ்ணத்தை உள்ளே எளிதில் விடாமல் தடுத்து நின்றன.

வெயிலைப் பகையென்று கருதி ஓடும் மனோபாவம் நம்மிடையே வேரூன்றியதில் ஆங்கிலேயருக்கும் பங்குண்டு. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்று, பின்னர் உதகையை ஓர் ஊராக்கினார். காலக்கிரமத்தில் சென்னை ராஜதானியின் அரசாங்கமே கோடைதோறும் மலையேறத் தொடங்கியது. அந்நியச் சீதோஷ்ணத்தில் பிறந்தவர்களுக்கு அது இயல்பே. நாமோ, அவர்கள் போன பின்னரும் அதே கண்ணால் நம் ஊரைப் பார்த்து, முற்றத்தை மூடி, திண்ணையை இடித்து, கண்ணாடிச் சுவரும் மெல்லிய கான்கிரீட் கூரையும் அமைத்து, பகல் முழுதும் சூட்டை வாங்கி இரவெல்லாம் கக்கும் அந்த அறைகளுக்குள் இயந்திரக் குளிர்ச்சியை நாடுகிறோம்.

இவ்வளவும் சொல்லும்போது, வெயிலின் கொடுமையை மறந்துவிட்டுப் பேசுவது தர்மமாகாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையூரில் வேர்வை உலராமல் நிற்கும்போது, தேகம் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வழியின்றித் தவிக்கிறது. நான் நிழலில் அமர்ந்து புகழும் அதே வெயிலில்தான் உப்பளத் தொழிலாளி நிற்கிறார். வெண்ணிறப் பாத்தியிலிருந்து எழும் கூச்சம் கண்ணை வருத்துகிறது, உப்புநீர் பாதத்தை அரிக்கிறது, மழைக்காலத்திலோ வேலையே இல்லை. தகரக் கூரையின் கீழ் குழந்தையை உறங்கவைக்க முயலும் தாய்க்கு என் ரசனை எந்த விதத்திலும் ஆறுதல் தராது.

ஆகையால், வெயில் நாட்டை விரும்புகிறவனுக்கு ஒரு கடமை உண்டென்பது என் திடமான நம்பிக்கை. வெயில் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறது. நிழல் அப்படிக் கிடைப்பதில்லை. இதை உணர்ந்த முன்னோர் நிழலைப் பொதுச் சொத்தாகவே கருதினார்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து மரங்கள் வைத்ததை இன்றளவும் தென்பாண்டி மக்கள் அவள் பெயராலேயே நினைவுகூர்கிறார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல்லும், தாகத்தோடு வருகிறவருக்குத் தண்ணீர்ப் பந்தலும், வழிநடைக்குச் சாவடியும் அமைத்தது எல்லாம் அந்த ஞானத்தின் செயலே. சாலையை அகலமாக்கும் அவசரத்தில் இரு மருங்கும் நின்ற புளிய மரங்களை வெட்டிய நாம், அந்த நிழலுக்கு ஈடாக என்ன வைத்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேம்பும் புங்கமும் அதிகப் போஷணை கேட்பவை அல்ல. சில கோடைகள் தண்ணீர் ஊற்றிக் காத்துவிட்டால் பல தலைமுறைக்கு நிழல் தரும். புதிதாக எழும் வீட்டின் வாசலில் இரண்டு பேர் அமரக்கூடிய திண்ணையும், தொழிலாளர் நிற்கும் இடத்தில் ஓர் ஓலைக் கொட்டகையும், பேருந்து நிறுத்தத்தில் மரமும் குடிதண்ணீரும், உச்சி வேளையில் கூலி குறையாத ஓய்வும் கேட்பது ஆடம்பரமன்று. இவற்றை எல்லோருக்கும் உறுதி செய்துவிட்டால், மலையேறிச் செல்ல வசதியில்லாத கோடானுகோடி மக்களுக்கும் தங்கள் ஊரே வாசத்துக்கு உகந்த ஊராகும். அப்பொழுதுதான், இந்த வெயில் நாட்டை விரும்புகிறேன் என்று சொல்ல எனக்கும் முழு உரிமை உண்டாகும்.