16 சிறுவர்களின் குரலில் கிறிஸ்து பிறப்பு: கேம்பிரிட்ஜ் கீத ஆராதனை உருவானது எப்படி?

ஆண்டுதோறும் டிசம்பர் 24-ஆம் தேதி, பிரிட்டன் நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி இரவு 8.30 மணிக்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் ஒரு சிறுவன் தனியாகப் பாடத் தொடங்குகிறான். அவனுக்குத் துணையாக ஆர்கன் ஒலிப்பதில்லை. உடன் பாடுவோரும் இல்லை. ஆலயத்தில் நிறைந்திருக்கும் மக்களோடு, பிபிசி வானொலி வழியாகப் பல நாடுகளிலும் உள்ள நேயர்கள் அந்தக் குரலைக் கேட்கின்றனர். 'ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும்' என்ற இந்த ஆராதனை, இன்று உலகெங்கும் ஆங்கில மரபைப் பின்பற்றும் தேவாலயங்களில் நடைபெறும் கிறிஸ்துமஸ் கீத ஆராதனைகளுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது. இந்தியாவில் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களிலும் மிஷன் பள்ளிகளிலும் டிசம்பர் மாதத்தில் நடைபெறும் கீத ஆராதனைகள் பலவற்றின் அமைப்பும் இதை ஒட்டியதே.

பழமை வாய்ந்த மரபு என்று பலரும் கருதும் இந்த ஆராதனை, கேம்பிரிட்ஜில் தொடங்கியது 1918-இல்தான்.

மரக் கொட்டகையில் பிறந்த வடிவம்

இதன் மூலம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள ட்ரூரோ நகரில் 1880-ஆம் ஆண்டு புதிய பேராலயம் கட்டும் பணி தொடங்கியிருந்த வேளையில், வழிபாடுகள் ஒரு தற்காலிக மரக் கொட்டகையில் நடைபெற்று வந்தன. அப்போதைய பேராயர் எட்வர்ட் வைட் பென்சன், அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 10 மணிக்கு, ஒன்பது வேதபாடங்களும் அவற்றுக்கிடையே கீதங்களும் அமைந்த ஆராதனையை அந்தக் கொட்டகையில் நடத்தினார். பண்டிகைக்கு முந்தைய இரவில் மதுக்கடைகளுக்குச் செல்லும் ஆண்களைத் தேவாலயத்துக்கு ஈர்ப்பதே நோக்கம் என்றும் சொல்லப்படுவதுண்டு. பாடகர் குழுச் சிறுவனில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, இறுதிப் பாடத்தைப் பேராயர் வாசிக்கும் முறை அங்கேயே வகுக்கப்பட்டது. பென்சன் பின்னர் கேன்டர்பரியின் தலைமைப் பேராயராக உயர்ந்தார். ஆராதனையும் வேறு ஆலயங்களுக்குப் பரவியது.

போர் முடிந்த ஆறாவது வாரம்

முதல் உலகப் போரில் ராணுவப் போதகராகப் பணியாற்றிய எரிக் மில்னர்-வைட், 1918-இல் கிங்ஸ் கல்லூரியின் டீனாகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 34. போர்முனையில் இளைஞர்கள் மடிவதை நேரில் கண்டவர் அவர். திருச்சபையின் வழக்கமான வழிபாட்டு முறைகள் மக்களின் துயரத்தையும் நம்பிக்கையையும் எட்டவில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. பென்சனின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, போர் நிறுத்தம் ஏற்பட்ட நவம்பர் 11-க்குப் பின் ஆறு வாரங்கள் நிறைவுற்றிருந்த நிலையில், டிசம்பர் 24 அன்று முதல் ஆராதனையை நடத்தினார்.

பாடங்களையும் கீதங்களையும் தாண்டி, அவர் தாமே எழுதிய தொடக்க மன்றாட்டுதான் அந்த ஆராதனைக்குத் தனித்த குணத்தை அளித்தது எனலாம். ஏழைகள், ஆதரவற்றோர், நோயுற்றோர், துக்கத்தில் இருப்போர் ஆகியோரை நினைவுகூர்ந்த பின், மறுகரைக்குச் சென்றுவிட்டவர்களையும் இந்த மகிழ்ச்சியில் பங்குகொள்வோராகவே அது எண்ணிப் பார்க்கிறது. கல்லூரியின் மாணவர்கள் பலர் போரில் உயிரிழந்திருந்த அந்த ஆண்டில், அவ்வரிகள் யாரைக் குறித்தன என்பதை ஆலயத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவை இருந்திருக்காது.

மறு ஆண்டு, 1919-இல், வரிசை சற்று மாற்றியமைக்கப்பட்டது. 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி' என்ற கீதத்துடன் தொடங்கும் வழக்கம் அப்போது ஏற்பட்டு, இன்றுவரை தொடர்கிறது. சிசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் என்ற பெண் கவிஞர் குழந்தைகளுக்காக எழுதி 1848-இல் வெளியிட்ட பாடல் அது.

ஆராதனையின் கட்டமைப்பு ஒரு நெடுங்கதையைப் போன்றது. ஏதேன் தோட்டத்தில் ஆதாம் கீழ்ப்படியாமற்போன ஆதியாகமப் பகுதியில் அது தொடங்குகிறது. ஆபிரகாமுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி, ஏசாயா தீர்க்கதரிசியின் முன்னறிவிப்புகள் ஆகியவற்றைக் கடந்து, மரியாளுக்குக் காபிரியேல் தூதன் அளித்த செய்தி, பெத்லகேமில் குழந்தை பிறப்பு, மேய்ப்பர்கள், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் என நகர்ந்து, யோவான் நற்செய்தியின் தொடக்கப் பகுதியில் நிறைவடைகிறது. வேடம் அணிந்து நடிப்போரோ, மாட்டுத்தொழுவக் காட்சியோ இங்கு இல்லை. குழந்தை பிறந்த செய்தியை வாசிப்பும் பாட்டும் மட்டுமே சொல்கின்றன. ஒன்பதாவது பாடத்தைக் கல்லூரித் தலைவரான புரோவோஸ்ட் வாசிக்கிறார்.

ஆலயமும் ஒரு வாத்தியம்

'சேப்பல்' என்ற ஆங்கிலச் சொல் சிற்றாலயத்தைக் குறிக்கும். கிங்ஸ் கல்லூரியின் ஆலயமோ 289 அடி நீளமும் 40 அடி அகலமும் 80 அடி உயரமும் கொண்டது. கல்லூரியை 1441-இல் நிறுவிய ஆறாம் ஹென்றி மன்னர் 1446-இல் அடிக்கல் நாட்டினார். அரசுரிமைப் போர்களால் பணி தடைபட்டு, 1515-இல்தான் கல் கட்டுமானம் நிறைவுற்றது. விரித்த விசிறிகளை அடுக்கியது போன்ற அதன் கற்கூரை, அவ்வகையில் உலகிலேயே மிகப் பெரியது. நீண்டு குறுகிய கல்மண்டபம் என்பதால், பாடி முடித்த பின்னும் ஒலி சில விநாடிகள் கூரையில் தங்கி நிற்கிறது. சொற்களைத் தெளிவாக உச்சரிக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். கிங்ஸ் பாடகர்களின் துல்லியமான உச்சரிப்புக்கு இந்தக் கட்டடமே பாதி ஆசிரியர்.

பாடகர் குழுவில் 16 சிறுவர்கள் இருக்க வேண்டும் என்பது ஆறாம் ஹென்றி வகுத்த விதி. அந்த எண்ணிக்கை இன்றும் மாறவில்லை. கல்லூரியைச் சார்ந்த பள்ளியில் பயிலும் இவர்கள் ஏறத்தாழ 9 முதல் 13 வயது வரை உள்ளவர்கள். உச்ச சுருதியை இவர்கள் பாட, ஆல்டோ, டெனர், பேஸ் ஆகிய கீழ்ப் பகுதிகளைக் கல்லூரி மாணவர்கள் பாடுகின்றனர். ஆல்டோ பகுதியைப் பாடும் இளைஞர்கள் பயன்படுத்துவது பொய்க்குரல் முறையே.

தொடக்கப் பாடலைத் தனியாகப் பாடப்போகும் சிறுவன் யார் என்பது கடைசி நொடி வரை அறிவிக்கப்படுவதில்லை. பலர் ஒத்திகை பார்த்திருப்பர்; ஒலிபரப்பு தொடங்கும் தறுவாயில் இசை இயக்குநர் ஒருவனைச் சுட்டிக்காட்டுவார். முன்கூட்டியே சொன்னால் இரவெல்லாம் அச்சத்தில் கழியும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அச்சத்துக்கு நியாயமும் உண்டு. முதல் சரணத்தை அவன் தனியே பாடுகிறான். இரண்டாவதைக் குழுவினர் துணையிசையின்றிப் பாடுகின்றனர். மூன்றாவது சரணத்தில்தான் ஆர்கன் இணைகிறது. இடையில் சுருதி சிறிது இறங்கியிருந்தாலும் ஆர்கன் ஒலித்த கணத்தில் அது வெளிப்பட்டுவிடும். திருத்திக்கொள்ள நேரலையில் வழியில்லை.

வானொலி தந்த புகழ்

1928-இல் பிபிசி இந்த ஆராதனையை முதன்முறையாக ஒலிபரப்பியது. 1930-ஆம் ஆண்டைத் தவிர அதன்பின் ஒலிபரப்பு தடைபடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அது தொடர்ந்தது. பழைமையான வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் கழற்றிப் பாதுகாக்கப்பட்டிருந்ததால், சாளரங்கள் வெறுமையாக, வெப்பமூட்டும் வசதியற்ற ஆலயத்தில் சிறுவர்கள் பாடினர். பாதுகாப்புக் கருதி, எந்தக் கல்லூரியிலிருந்து ஒலிபரப்பாகிறது என்பது அறிவிக்கப்படவில்லை. 2020-இல் கரோனா பரவலின்போது மக்கள் இல்லாத ஆலயத்தில் முன்னதாகப் பதிவு செய்யப்பட்ட ஆராதனையே ஒலிபரப்பானது.

பழைய பாடல்களையே திரும்பப் பாடும் நிகழ்ச்சி என்றும் இதை எண்ணிவிட முடியாது. 1982 முதல் 2019 வரை இசை இயக்குநராக இருந்த ஸ்டீபன் கிளியோபரி, ஆண்டுதோறும் ஒரு புதிய கீதத்தை இசையமைப்பாளர்களிடம் எழுதி வாங்கும் வழக்கத்தைத் தொடங்கினார். எஸ்டோனியாவின் ஆர்வோ பார்ட், ஸ்காட்லாந்துப் பின்னணி கொண்ட ஜூடித் வியர் உள்ளிட்டோர் அவ்வாறு எழுதியுள்ளனர். அவருக்குப் பின் டேனியல் ஹைட் அப்பொறுப்பில் இருக்கிறார்.

உடையும் குரலும் எழும் கேள்வியும்

இத்தகைய குழு எதுவாயினும் அதன் மூலதனம் நிலையற்றது. பருவ வயதில் குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கும்போது சிறுவனின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழிறங்குகிறது. தமிழ் நாடக மேடைக்கு இது புதிய செய்தியன்று. பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடமேற்றுப் பாடிய சிறுவர்கள், 'மகரக்கட்டு' உடைந்ததும் வாய்ப்பிழந்து நின்ற வரலாறு நமக்கு உண்டு. பாக் காலத்து ஜெர்மனியில் 16, 17 வயது வரை உச்ச சுருதியில் பாடிய சிறுவர்கள் இருந்தனர். இன்று ஊட்டமும் உடல்நலமும் மேம்பட்டதால் மாற்றம் பெரும்பாலும் 13 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. பல ஆண்டுப் பயிற்சியின் பலன் முதிரும் வேளையில் குரல் விடைபெறுவதால், இயக்குநர்கள் இடைவிடாமல் புதியவர்களைத் தேட வேண்டியுள்ளது.

சிறுமிகளுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்வியும் வலுத்து வருகிறது. சாலிஸ்பரி பேராலயம் 1991-இலேயே சிறுமியருக்கெனத் தனிக் குழுவைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜிலேயே உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, 2022-இல் தன் குழுவில் சிறுமியரையும் பெண்களையும் சேர்த்தது. சிறுவர் குரலின் தனித்த நிறம் மறைந்துவிடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். கேட்போரால் இரு குரல்களையும் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை என்பது ஆதரிப்போரின் பதில். குரலின் நிறத்தைவிட, இந்தக் குழுக்கள் அளிக்கும் உயர்தர இசைக் கல்வி பாதிப் பிள்ளைகளுக்கு மூடப்பட்டிருப்பதே கனமான வாதம். கிங்ஸ் கல்லூரியில் பெண்களும் பாடும் வேறொரு குழு உண்டு என்றாலும், டிசம்பர் 24 அன்று பாடும் குழுவில் உச்ச சுருதி இன்னும் சிறுவர்களிடமே உள்ளது.

மற்ற மாணவர்கள் விடுமுறைக்குச் சென்ற பின்னரும் அந்த 16 பேர் பள்ளியிலேயே தங்கிப் பயிற்சி செய்கின்றனர். டிசம்பர் 25 காலை ஆராதனையையும் பாடி முடித்த பிறகே அவர்கள் வீட்டுக்குப் புறப்படுகின்றனர்.